புதுப்பிப்பு: உதகை மலைப்பாதையில் உயரம் அளத்தல்
மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் உதகைக்குச் சென்றபோது, கைப்பேசியின் ஜி.பி.எஸ். செயலி, உதகை ரயில் நிலையத்தின் உயரமான 2,203 மீட்டரைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாகக் காட்டியதாக முன்பு எழுதியிருந்தேன். கைப்பேசியில் பழுதில்லை. அச்செயலி கடல்மட்டத்திலிருந்து அல்லாமல், புவியைச் சீரான நீள்கோளமாகக் கொள்ளும் கணித வடிவத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிடுகிறது. தென்னிந்தியாவை ஒட்டி ஈர்ப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், உண்மையான கடல்மட்டம் அவ்வடிவத்துக்குக் கீழே ஏறக்குறைய அதே அளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அறிந்தபோது பெரிதும் வியந்தேன்.

இம்முறை, காற்றழுத்தம் குறையக் குறைய உயரம் கூடியதாகக் காட்டும் காற்றழுத்த உயரமானியைக் காலை 10 மணிக்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் 326 மீட்டருக்குச் சரிசெய்துகொண்டு புறப்பட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது தடுமாறவே இல்லை. ஆயினும் மாலை 4 மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பியபோது 350 என்று காட்டியது. வெப்பமண்டலத்தில் பிற்பகலில் காற்றழுத்தம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்குவது அன்றாட இயல்பு. ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் உயரம் எட்டரை மீட்டர் கூடித் தெரியும். ஆகவே இறங்கும்போது, வழியில் உயரம் தெரிந்த இடமான குன்னூரில் வண்டியை நிறுத்தி மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.