சி டிரைவ்ல 66 ஜிபி காணோம், எங்க போச்சுன்னு தெரியல

குடோன்கணினி:
வணக்கம் மக்களே. ஒரு ஹார்ட்வேர் கடைக்கு பார்ட் டைமா சர்வர் பாத்துக்குறேன், விண்டோஸ் சர்வர் 2016, சி டிரைவ் மொத்தம் 119 ஜிபி, இன்னைக்கு காலைல வந்து பாத்தா 1.3 ஜிபிதான் மிச்சம், பில் போட்டா எஸ்க்யூஎல் (பில் டேட்டாபேஸ்) எரர் அடிக்குது, கவுண்டர்ல கூட்டம் நிக்குது. ஹிடன் ஃபைல் காட்டுன்னு டிக் போட்டுட்டு சி உள்ள எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ப்ராப்பர்டீஸ் பாத்தா 51 ஜிபிதான் வருது. மீதி 66 சொச்சம் எங்க? வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் மட்டும் 14 காட்டுது, கூட இருக்குற பையன் அதை தூக்கிடுங்கண்ணேங்குறான். தூக்கலாமா?

பழைய_அட்மின்:
ஐயோ தூக்கிடாதீங்க, விண்டோஸ் தன்னோட பாகங்கள வச்சிருக்குற இடம் அது, அப்புறம் அப்டேட்டும் ஏறாது, சர்வர் எந்திரிக்கவும் எந்திரிக்காது. அந்த 14 உண்மையும் இல்ல, அதுல பாதிக்கு மேல ஹார்ட் லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு, சிஸ்டம்32ல இருக்குற அதே ஃபைலத்தான் எக்ஸ்ப்ளோரர் ரெண்டு தடவ எண்ணுது.

நீங்க போட்டது ஒரு டிக்தான். கீழ "ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்"னு இன்னொண்ணு இருக்கு, அதுல இருக்குற டிக்க எடுத்து விட்டாத்தான் பேஜ்ஃபைலே (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல பயன்படுத்துற ஃபைல்) கண்ணுக்குத் தெரியும். கூடவே சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர் வரும், சைஸ் 0 காட்டும். காலின்னு நினைக்காதீங்க, அட்மினுக்கே உள்ள போக பர்மிஷன் கிடையாது, அதனால எண்ண முடியல, அவ்ளோதான். ஷேடோ காப்பி, அதாவது டிரைவ் பழைய நேரத்துல எப்படி இருந்துச்சுன்னு விண்டோஸ் எடுத்து வைக்குற நகல், எல்லாம் குடியிருக்குறது அங்கதான். கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா திறந்து விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ் அடிச்சு என்ன வருதுன்னு போடுங்க.

குடோன்கணினி:
யூஸ்ட் 58.2, அலொகேட்டட் (ஒதுக்கினது) 58.7, மேக்ஸிமம் அன்பவுண்டட் (லிமிட் இல்ல)னு வருது சார். பேஜ்ஃபைல் 8 ஜிபி. கணக்கு கரெக்டா உக்காருது!

ராக்கோழி:
ப்ரோ நேரா டெலீட் ஷேடோஸ் ஆல் அடிச்சு முடிச்சு விடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

பழைய_அட்மின்:
ராக்கோழி, ரேன்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) உள்ள வந்ததும் அடிக்கிற கமாண்ட் அதேதான், நல்ல ஆன்டிவைரஸ் இருந்தா அங்கயே சைரன் ஊதும் :) அதோட எல்லாம் போயிட்டா நேத்து ஃபைல் வேணும்னு ஓனர் கேட்டா என்ன பண்றது. லிமிட்ட குறைச்சாப் போதும், ரொம்ப பழசுலேருந்து தானா கழியும். ரீசைஸ் ஷேடோஸ்டோரேஜ், ஃபார் சி, ஆன் சி, மேக்ஸ்சைஸ் 10 ஜிபி. ஆனா முதல்ல வெளி டிஸ்க்ல பேக்கப் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்குங்க, கழிஞ்சது திரும்ப வராது.

வழக்கமா டிரைவ்ல 10 சதவீதம்தான் லிமிட், யாரோ நோ லிமிட் போட்டு விட்டுருக்காங்க. ஆமா, சி டிரைவ்லயே டேட்டாபேஸ் பேக்கப் ஏதாவது எழுதுறீங்களா?

குடோன்கணினி:
ஆமா சார், ராத்திரி 11 மணிக்கு ஒரே பேர்ல ஓவர்ரைட் ஆகும், 5 ஜிபி இருக்கும்.

பழைய_அட்மின்:
அதான் ஆளு. ஷேடோ காப்பி இருக்கும்போது ஒரு பிளாக் மேல புதுசா எழுதினா, பழசை 16 கேபி 16 கேபியா அள்ளி ஓரமா வச்சுட்டுத்தான் எழுத விடும். நீங்க தினம் அந்த 5 ஜிபி மேலயே எழுதுறீங்க, அதுவும் தினம் பழசை எடுத்து வைக்குது. டி டிரைவுக்கு மாத்திடுங்க, அங்க ஷேடோ காப்பி ஆன்ல இல்லன்னா.

கருப்புத்திரை:
நடுவுல வர்றேன், விண்டோஸ் டெம்ப் ஃபோல்டரையும் ஒரு எட்டு பாருங்க. சிபிஎஸ் லாக் (விண்டோஸ் அப்டேட் வேலைகள எழுதி வைக்குற ஃபைல்) 2 ஜிபிய தாண்டிட்டா அதை சுருக்கப் போற மேக்கேப்ங்குற டூல் ஃபெயிலாகி, ஒவ்வொரு தடவையும் கேப்னு ஆரம்பிக்குற குப்பை ஃபைல் ஒண்ணப் போட்டுட்டுப் போகும். எனக்கு ஒரு தடவ 30 ஜிபி சேந்து கிடந்துச்சு, நாள் பூரா வேற எங்கயோ தேடிட்டு இருந்தேன். மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ நிறுத்திட்டு பெரிய லாக்க மொதல்ல அழிங்க, அப்புறம் கேப். மாத்தி செஞ்சா திரும்ப முளைக்கும். வின்எஸ்எக்ஸ்எஸ் குறைக்கணும்னா டிஸ்ம்ங்குற விண்டோஸ் கமாண்ட்ல ஸ்டார்ட்காம்பொனென்ட்க்ளீனப் இருக்கு, கூட ரீசெட்பேஸ்ங்குற ஆப்ஷன மட்டும் சேக்காதீங்க, சேத்தா இப்ப இருக்குற அப்டேட்ட கழட்டவே முடியாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபோல்டர் பக்கமும் போயிடாதீங்க.

குடோன்கணினி:
10 ஜிபி ஆக்கினதும் 50 காலியாச்சு, கேப் ஃபைல் ஒரு 4 இருந்துச்சு, அதுவும் போயாச்சு. பில் ஓடுது. பேக்கப்ப டி டிரைவுக்கு மாத்தி விட்டுட்டேன், 11 மணி ரன் பாத்துட்டு வந்து சொல்றேன்.