ஆணை போட்டால் நோயாளி திரும்பி வரமாட்டாராம்!

கணக்குப்புலி: "வீட்டுக்கு அனுப்பும் மனநோயாளிக்குக் கட்டாயச் சிகிச்சை ஆணை போட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார், ஆய்வுகள் நிரூபித்துவிட்டன" என்று வேறொரு இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். எந்த ஆய்வு ஐயா? இங்கிலாந்தில் 2008 முதல் இந்த ஆணை உண்டு: வீட்டிலிருந்தபடி சிகிச்சையைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைக்கலாம். 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'ஆக்டெட்' என்ற ஆய்வில் 336 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டுக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்கள்: ஆணை போட்ட பக்கம் 36 சதவீதம், போடாத பக்கம் 36 சதவீதம். வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

அலைவரிசை: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். போடாத பக்கத்தில் இருந்தவர்கள் சுதந்திரமாகத் திரிந்தார்களா? மனநலச் சட்டத்தின் பிரிவு 17 விடுப்பில், அதாவது கட்டாய அனுமதியில் இருந்தபடியே தற்காலிகமாக வெளியே விடப்பட்டவர்கள். டாக்டர் நினைத்தால் திரும்பக் கூப்பிடலாம். அதுவும் கட்டாயம்தானே?

கணக்குப்புலி: அந்த விடுப்பு எத்தனை நாள்? நடுமதிப்பு, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவருக்கு, 8 நாள். ஆணை 183 நாள். எட்டும் நூற்று எண்பத்து மூன்றும் ஒன்று என்பவரோடு கணக்குப் பேச முடியாது.

அலைவரிசை: எட்டு நாளானாலும் கட்டாயம் கட்டாயம்தான்.

கணக்குப்புலி: 8. 183. மறுபடி படியுங்கள்.

நர்ஸக்கா: தம்பிகளா, ஊசியோடு வீடு வீடாகப் போகிறவள் சொல்கிறேன். ஆணை இருந்தாலும் வீட்டில் வைத்துப் பிடித்து ஊசி போடச் சட்டம் இடம் தராது. கதவைத் திறந்து "இன்னைக்கு வேண்டாம்" என்றால் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். மிஞ்சினால் கடிதம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைப்பார்கள், 72 மணி நேரம் வைத்திருக்கலாம். பாதிப்பேர் அந்தக் கடிதத்துக்குப் பயந்தே கையை நீட்டுவார்கள்.

அலைவரிசை: பார்த்தீர்களா, பலன் இருக்கிறது!

நர்ஸக்கா: பயம் இருக்கிறது என்றேன். பலன் என்று நான் சொல்லவில்லை.

மூன்றாம்கண்: அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வை ஏன் எல்லோரும் வசதியாக மறக்கிறீர்கள்? 1999-ல் வந்த ஆய்வில், ஆணை 180 நாளுக்கு மேல் நீடித்து, அடிக்கடி சேவையும் கிடைத்தவர்கள் குறைவாகவே மறுபடி அட்மிட் ஆனார்கள்.

கணக்குப்புலி: வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். குலுக்கலில் பிரித்த இரு குழுவையும் அப்படியே ஒப்பிட்டபோது அங்கேயும் வித்தியாசம் இல்லை. யாருக்கு ஆறு மாதம் நீடித்தது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. பின்னால் பொறுக்கி எடுத்த கூட்டத்தை வைத்துக் கொடி பிடிக்கிறீர்கள். போன மாதம் தூக்க மாத்திரை இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்.

மூன்றாம்கண்: அந்த இழையில் நீங்கள் ஓடிப்போனது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

கணக்குப்புலி: ஓடவில்லை, வேலை இருந்தது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2005 மீளாய்வுக் கணக்கையும் கேளுங்கள்: ஒரே ஒருவர் மறுபடி அட்மிட் ஆவதைத் தடுக்க 85 பேருக்கு ஆணை போட வேண்டும். மீதி 84 பேரின் உரிமை யார் கணக்கில்?

அலைவரிசை: ஆணைக்குள் இருந்தவர்கள் அடி உதைக்கும் திருட்டுக்கும் ஆளாவது குறைந்தது என்று அதே வட கரோலினா ஆய்வு சொல்கிறது. அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படாதே! அது கிடக்கட்டும், எட்டு நாள் கட்டாயமா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கணக்குப்புலி: 183-க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அலைவரிசை: கேட்டது அது இல்லை.

நர்ஸக்கா: நோயாளியிடம் யாராவது கேட்டீர்களா என்று எழுத வந்தேன். இங்கே இடமில்லை போல.

கணக்குப்புலி: அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அனுபவம் ஆய்வாகாது. ஆக்டெட்டை நடத்திய டாம் பர்ன்ஸே ஒரு காலத்தில் இந்த ஆணைக்கு ஆதரவாகப் பேசியவர். முடிவைப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டார். அவருக்கு இருந்த மனசு இங்கே ஒருவருக்கும் இல்லை.

மூன்றாம்கண்: ஒருத்தர் மனம் மாறியதெல்லாம் எப்போதிருந்து ஆதாரம்?

கணக்குப்புலி: ஆதாரம் என்று எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம்கண்: படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.