மத்தியான சோலார் கரண்டில் கீசர் போடலாமா? பேட்டரி தாங்குமா?

வணக்கம். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மாடியில் 3 கிலோவாட் பேனல், 3 கேவிஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி நாலு (48 வோல்ட்). மிச்ச கரண்டை ஈபிக்கு அனுப்பிக் கணக்கு வைக்கும் நெட் மீட்டர் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்குப் பதினோரு மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிடுது, அப்புறம் பேனல் சும்மா கிடக்குது. அம்மாவுக்கு மூட்டுவலி, விடியற்காலை அஞ்சு மணிக்கு வெந்நீர் வேணும். 25 லிட்டர், 2000 வாட் கீசரை அந்நேரம் போட்டால் பேட்டரி இறங்கி இன்வெர்ட்டர் கத்துது. மத்தியானம் போட்டுப் பார்த்தேன், மோட்டார் ஓடினதும் ஓவர்லோடு. என்ன செய்யலாம்?

காட்பாடி எலக்ட்ரீசியன்:
தம்பி, காலையில் பேட்டரியில் கீசர் போடுறதை இன்னிக்கே நிறுத்துங்க. 2000 வாட்டுன்னா 48 வோல்ட்டில் 42 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்க பேட்டரிக்கு 15 ஆம்பியர்தான் சுகம். 25 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஒரு யூனிட்கூட ஆகாது. அதனால் எலிமென்ட்டை 1000 வாட்டா மாத்துங்க. ஒரு மணி நேரத்தில் சூடாகிடும், மேகம் வந்தாலும் பேட்டரி பாதி சுமைதான் தாங்கணும். டைமரை 11:30லிருந்து 2 வரை வைங்க. மோட்டாரை அதுக்கு முன்னாடியே ஓட்டிடுங்க.

குடியாத்தம் வாசகர்:
டைமர் மட்டும் போதாது சார், மழை நாளில் அது பேட்டரியைத்தான் தின்னும். கூடவே பேட்டரி வோல்ட்டைப் பார்த்து வேலை செய்யும் வோல்டேஜ் ரிலே ஒண்ணு போட்டு, கீசர் லைனில் கான்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் தானியங்கி சுவிட்ச்) இயக்குங்க: 54 வோல்ட்டுக்கு மேல் ஆன், 51க்குக் கீழே ஆஃப். எங்க வீட்டில் இப்படித்தான் இருக்கு. இன்னொண்ணு, உங்களுது போர் தண்ணியா? உப்புத் தண்ணின்னா தெர்மோஸ்டாட்டை 60க்கு மேல் ஏத்தாதீங்க, எலிமென்ட்டில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கணும். அம்மா குளிக்கிற இடம், எர்த்தும், கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் கண்டிப்பா வேணும்.

கேட்டவர்:
போர் தண்ணிதான் அண்ணா. கழற்றினால் எலிமென்ட் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு! 1000 வாட் போட்டாச்சு, ரிலேவும் ஆர்சிசிபியும் காட்பாடி அண்ணன் சொன்ன டைமரோடு சேர்த்து மாட்டியாச்சு. ரெண்டு வாரமா இன்வெர்ட்டர் கத்தலை. ஒரு மணிக்கு 60 டிகிரிக்கு வந்த தண்ணி விடியற்காலையிலும் பச்சைத்தண்ணி கலக்காமல் ஊத்திக்க முடியாத சூட்டில் இருக்கு, அம்மா விளாவித்தான் குளிக்கிறாங்க. மழை நாளுக்கு மட்டும் ஈபி கரண்டில் ஓட்ட தனி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கலாம்னு இருக்கேன். 16 ஆம்பியர் போதுமா?

காட்பாடி எலக்ட்ரீசியன்:
1000 வாட்டுக்கு அதிகமாகவே போதும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாத்துற டபுள் போல் சுவிட்சா வாங்குங்க.