ஏலத்தோட்டத்துப் பெண்களும் சிறுநீர்க் கசிவும்: பார்த்ததை எழுதுங்கள்

கம்பம் பிசியோ:
கம்பம்மெட்டு ஜீப்பில் காய் எடுக்கப் போற அக்கா ஒருத்தங்க. இருமினா, மூட்டை தூக்கினா கசியுது. இடுப்புத்தளத் தசைக்கு (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குற தசை) பயிற்சி செய்றேன், பலனே இல்லைன்னாங்க. செய்யச் சொல்லிப் பார்த்தா, மூச்சைப் பிடிச்சுக் கீழ்நோக்கி முக்குறாங்க! அது தசையை இன்னும் இறக்கிவிடும். காற்றுப் பிரியாம அடக்குற மாதிரி உள்ளே, மேலே இழுக்கணும். பிட்டம், தொடை இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். மூட்டையில கை வைக்கும்போதே இறுக்கிடணும்.

கூடலூர் செவிலியர்:
தம்பி, எல்லாக் கசிவுக்கும் இதையே சொல்லி அனுப்பிடாதீங்க. இங்க வந்த அம்மாவுக்கு இருமினா ஒண்ணும் ஆகாது. திடீர்னு முட்டும், கதவைத் திறக்குறதுக்குள்ள சேலை நனைஞ்சிடும். சிறுநீர்ப்பை நிறையும் முன்னாடியே சுருங்குது. சிறுநீர்லயும் ரத்தத்துலயும் சர்க்கரை, கிருமித்தொற்று, இதெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது. அப்புறம் முட்டும்போது ஓடாம உட்கார்ந்து, அடங்கினதும் எழுந்து போகப் பழக்கணும். ஒரு தடவை போனதுக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டணும். 6 வாரமாவது ஆகும்.

கம்பம் பிசியோ:
சரிதாங்கக்கா. ஆனா முட்டும்போது அஞ்சாறு தடவை வேகமா இறுக்கி விட்டா அந்த வேகமும் தணியும். பயிற்சியை ஒதுக்கிடாதீங்க.

போடி மகளிர் மருத்துவர்:
என்னிடம் வந்தவருக்குத் தசைத் தளர்ச்சி, பைச் சுருக்கம் இரண்டுமே மூலகாரணம் இல்லை. பிரஷருக்கு எனலாப்ரில், அதனால் ஓயாத வறட்டு இருமல், இருமலால் கசிவு. மாத்திரையை மாற்றியதும் இருமலோடு கசிவும் நின்றது. அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள். 3 நாள் குடித்தது, போனது, கசிந்தது மூன்றையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள், அளக்க ஒரு மக் போதும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லையென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் சேரும். குறைக்க வேண்டியது டீயை, தண்ணீரை அல்ல. முட்டலுக்குத் தரும் மாத்திரைகளில் ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும், வயதானவர்களைக் குழப்பும். மிராபெக்ரான் கொடுத்தால் பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருமல், முட்டல் எதுவும் இல்லாமல், பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு இரவும் பகலும் ஒழுகினால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை இருக்கலாம். அவர்களைப் பயிற்சிக்கு உட்கார வைக்காமல் உடனே தேனி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.