பேலன்ஸ்டு லைனுக்குச் சமன்தடம் – ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வளைய ஆன்டெனாவுக்கு வானொலி ஆற்றலை ஊட்டும் பேலன்ஸ்டு லைனை, அதாவது ஒரே மாதிரியான இரு கம்பிகள் அருகருகே ஓடும் தடத்தை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இரட்டைக்கம்பித் தடம், இணைத்தடம், சமநிலைத் தடம். மூன்றையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இடறுகிறது.

இரட்டைக்கம்பி என்பது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. ஆனால் ஓரச்சு வடத்திலும் (கோஆக்சியல் கேபிள்) கடத்திகள் இரண்டுதானே? நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஓர் உலோகப் பின்னல். எண்ணிக்கையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இணை என்ற சொல்லோ ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது: இணைப்பு, பக்க இணைப்பு, இணைகோடு. "இணைத்தடத்தை இணைக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் நிற்பார். சமநிலை பாடப்புத்தகத்தில் வேறு வேலை பார்க்கிறது. விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து பொருள் அசையாமல் இருப்பதுதான் அங்கே சமநிலை. நம் கம்பியில் எதுவும் ஓய்ந்து நிற்பதில்லை. மின்னோட்டம் நொடிக்கு 70 லட்சம் முறைக்கு மேல் அலைபாய்கிறது.

சரி, இந்தத் தடத்தின் உயிர்க்குணம் எது? என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முழு அலைநீள வளையம் கட்டியிருந்தேன், ஏறத்தாழ 43 மீட்டர் கம்பி. முதலில் ஓரச்சு வடத்தை நேராக அதன் வாயில், அதாவது ஆற்றலை ஊட்டும் முனையில், இணைத்தேன். பேச உதட்டருகே கொண்டுபோன ஒலிவாங்கியின் உலோக வலை சுரீரென்று சுட்டது. வடத்தின் பின்னலுக்கு உட்புறம் வேறு, வெளிப்புறம் வேறு. உயர் அதிர்வெண்ணில் அவை இரண்டு தனிக் கடத்திகள்போல நடந்துகொள்ளும். வளையத்தின் வாயில் வெளிப்புறத்துக்குத் தாவிய ஓட்டம், மூன்றாவது கம்பி ஒன்று கிடைத்துவிட்டதுபோல என் அறைவரை வந்துவிட்டது.

அப்புறம் 450 ஓம் பேலன்ஸ்டு லைனுக்கு மாறினேன். அறைக்குள் நுழையும் இடத்தில் இரு கம்பிகளிலும் தொடராக ஒவ்வொரு டார்ச் பல்பு வைத்து, 10 வாட் அனுப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிரகாசம். தடத்தை ஓர் இரும்புக் குழாயை ஒட்டி இரண்டு மீட்டர் ஓடவிட்டபோது ஒரு பல்பு லேசாக மங்கியது. குழாய்க்கு அருகிலிருந்த கம்பிக்கும் எட்டியிருந்த கம்பிக்கும் நிலத்தோடு உள்ள மின்தேக்குத்திறன் வெவ்வேறாகிப்போனதுதான் காரணம். தடத்தை விலக்கிக் கட்டியதும் பழையபடி ஆனது. (பல்பு ஓட்டத்தின் அளவைத்தான் காட்டும், கட்டத்தை (ஃபேஸ்) காட்டாது. ஓட்டங்கள் எதிரெதிராக ஓடுகின்றனவா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.)

ஆக, சொல் குறிக்கவேண்டியது இதைத்தான்: நிலத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்து இரு கம்பிகளும் சமன். அதனால் ஓட்டங்கள் ஒரே அளவில் எதிரெதிராக ஓடுகின்றன, அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன, தடம் தானாகக் கதிர்வீசுவதில்லை. இந்தப் பொருளில் சமன் நமக்குப் புதிதும் இல்லை. வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் பேலன்ஸை அப்படித்தான் படித்தோம். எனவே என் பரிந்துரை சமன்தடம்.

புணர்ச்சி விதிப்படி சமன்றடம் என்றல்லவா வரவேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பழைய விதிப்படி அவர் கேட்பது நியாயமே. ஆனால் மின்தடையை இன்று யாரும் மின்றடை என்று எழுதுவதில்லை. கலைச்சொல்லில் இரண்டு பகுதிகளும் பார்த்தவுடன் தெரியவேண்டும். சமன்றடம் என்று கண்டால் புதியவர் அகராதியைத் தேடுவார்.

எதிர்ச்சொல்லில்தான் எனக்கு நிறைய நேரம் போனது. சமனிலி என்று முதலில் எழுதினேன். வாய்விட்டுச் சொன்னபோது சமநிலைக்கும் சமனிலிக்கும் காதில் வேறுபாடே இல்லை. இரைச்சல் நிறைந்த அலைவரிசையில் பேசுகிறவர்களுக்கு இது ஆகாது. ஓரச்சு வடத்தில் ஒரு பக்கம் நிலத்தைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே ஒருசார் தடம். இரண்டு வகைத் தடங்களையும் இணைக்க நடுவில் வைக்கும் பேலன் (balun) என்ற கருவி, சமன்மாற்றி. சமன்தடத்தின் இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடித் தொல்லை தருவதை உடனோட்டம் என்றும், நமக்கு வேண்டியதை எதிரோட்டம் என்றும் சொல்லலாம். உடனோட்டம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, யாரும் தட்டிவிடாதீர்கள்.

இப்போது ஓட்டிப் பார்க்கலாம்:

"முழு அலைநீள வளையத்தின் வாயில் மின்னெதிர்ப்பு (இம்பிடன்ஸ்) சுமார் 100 முதல் 120 ஓம் வரை. 450 ஓம் சமன்தடம் நேரடியாக அதற்குப் பொருந்தாது. பொருத்தமின்மையைக் காட்டும் நிலையலை விகிதம் (SWR) ஏறத்தாழ 4 வரும். ஆனால் இத்தடத்தில் இழப்பு மிகக் குறைவு என்பதால், அறையில் ஓர் இசைவிப்பியை (டியூனர்) வைத்துச் சரிசெய்து, 7 மெகாஹெர்ட்ஸ் வளையத்தையே 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளிலும் பயன்படுத்தலாம். இசைவிப்பியின் வெளிவாய் ஒருசார் வகையாக இருந்தால் இடையில் சமன்மாற்றி வேண்டும். இல்லையேல் உடனோட்டம் அறைக்குள் வரும்."

எழுதும்போது எங்கும் கை நிற்கவில்லை.

இரட்டைக்கம்பி என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. உருவத்தைச் சொல்லும் பெயரும் நமக்குத் தேவைதான், வகைப்பெயராக. 2 மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இடைக்கட்டைகள் வைத்துக் கட்டினால் 600 ஓம் தடம் கிடைக்கும். தொங்கும்போது அச்சு அசல் ஏணிதான். அதை ஏணித்தடம் என்போம். சமன்தடங்களில் அது ஒரு வகை. உங்களுக்குச் சம்மதமா?