அப்பாவுக்குக் கரோக்கி டிஸ்க்: கம்ப்யூட்டரில் வரி ஓடுகிறது, பிளேயரில் பாட்டு மட்டும்தான் வருகிறது

மலைக்கோட்டை_மகள்:

வணக்கம். நாலு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அடுத்த மாதம் அப்பாவுக்கு எழுபது, பீமரத சாந்தி வைத்திருக்கிறோம். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது அவர் பாட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கண்புரை ஆபரேஷன் ஆனவர், போனில் வரி பார்த்துப் பாட முடியாது. இணையத்தில் கிடைக்கிற கரோக்கி வீடியோக்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அது அவருக்குப் படிக்க வராது. ஹாலில் டிவிக்குக் கீழே பழைய டிவிடி பிளேயர் ஒன்று இருக்கிறது, இரண்டு மைக் செருகலாம், எக்கோவுக்குத் தனிக் குமிழ், முன்பக்கத்தில் கரோக்கி என்றே அச்சடித்திருக்கிறது. அவருக்குக் கைவந்த பொருள் அதுதான். அதில் ஓடுகிற மாதிரி 12 பாட்டு போட்டுத் தர வேண்டும்.

முதலில் ஒரு இலவச மென்பொருளில் சிடிஜி கோப்பு (பாட்டோடு வரியும் திரையில் ஓடுகிற கரோக்கி வடிவம்) செய்து சிடியில் எரித்தேன். பாட்டு ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதே கோப்பில் வரி வருகிறது, ஆனால் தமிழ் எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டி அசிங்கமாக இருக்கிறது. சரி என்று அதை விட்டுவிட்டு ஏஜிசப் என்கிற சப்டைட்டில் மென்பொருளில் வரிகளுக்கு நேரம் குறித்து வீடியோவாகச் செய்து பார்த்தேன். அதில் "கொ", "தே" மாதிரி எழுத்துகள் உடைந்து நடுவில் ஒரு புள்ளி வட்டம் வருகிறது. போதாததற்குப் பாட்டு முடியும்போது வரிகள் பின்தங்கிவிடுகின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

சவுண்ட்_சர்வீஸ்_அண்ணன்:

தங்கச்சி, சிடி ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். பிளேயரில் கரோக்கி என்று போட்டிருந்தால் மைக்கையும் பாட்டையும் கலந்து கொடுக்கும், எக்கோ இருக்கும், அவ்வளவுதான் அர்த்தம். சிடி பிளஸ் ஜி, அதாவது நீங்கள் செய்த சிடிஜி, வேறு சமாச்சாரம், அதற்குத் தனி முத்திரை இருக்கும். நம் ஊரில் விற்ற சாதாரண பிளேயர்கள் பெரும்பாலும் அதைப் படிக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆடியோ சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (சிடியின் ஒரு சின்னத் துண்டு) ஒலிக்கு 2352 பைட், அதன் கூடவே 96 பைட் துணைத் தகவல். அந்தத் துணைத் தகவலில் பி முதல் டபிள்யூ வரை எட்டுத் தடங்கள் உண்டு, சாதாரணப் பாட்டு சிடி முதல் இரண்டை மட்டும்தான் பயன்படுத்தும், மீதி ஆறு தடத்தில்தான் கரோக்கி வரிகள் படமாக உட்கார்ந்திருக்கும். வழக்கமான எரிக்கும் மென்பொருள் அந்த 96 பைட்டை எழுதாது, ஒலியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். சிடிஜி கோப்பை அப்படியே டேட்டாவாகப் போட்டாலும் பிளேயருக்கு அது என்னவென்று தெரியாது. அதனால் உங்கள் டிஸ்க்கில் வரியே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எழுத்து ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் அந்த வடிவம்தான். மொத்தத் திரையே 300க்கு 216 புள்ளி, 16 நிறம். அதையும் 6க்கு 12 புள்ளி அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் வரையும், நொடிக்கு 300 கட்டளைதான் போகும். ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். நம் "ணை"யையும் "ஞ"வையும் அதில் அடைத்தால் எழுபது வயதுக் கண் எப்படிப் படிக்கும்? அந்த வழியை விட்டுவிடுங்கள். வீடியோவாகச் செய்து டிவிடியாக எரிப்பதுதான் சரி.

எழுத்துரு_தம்பி:

அக்கா, புள்ளி வட்டம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக நேரம் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யூனிகோடில் "கொ" என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்குக் "க" ஒன்று, ஒகரக் குறி ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் கரோக்கிக் குறி (நிறம் மாறும் நேரத்தைச் சொல்வது) விழுந்தால் ஒகரக் குறி அநாதையாக நிற்கும், அதற்குத்தான் அந்த வட்டம். மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் வெட்டினாலும் இதே கதைதான்.

எழுத்து எழுத்தாக வெட்டாமல் அசை அசையாக வெட்டுங்கள். பள்ளியில் யாப்பில் நேர், நிரை படித்தோமே, அதுதான் இங்கே வேலைக்கு ஆகும். "மழைக்காலம்" என்றால் மழைக், கா, லம். "வந்தேன்" என்றால் வந், தேன். எந்த வெட்டும் எழுத்துக்கு நடுவில் விழாது. ஆனால் ராகம் இழுக்கிற இடத்தில் இலக்கணத்தைப் பார்க்காதீர்கள், பாடகர் "கொடுத்தாள்" என்பதைக் கொ, டுத், தாள் என்று மூன்றாக இழுத்தால் நீங்களும் மூன்றாகவே வையுங்கள், காது சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் அசைக்கு முன்னால் கே என்ற கரோக்கிக் குறி போட்டால் அசை சட்டென்று நிறம் மாறும், கேஎஃப் போட்டால் இடமிருந்து வலமாக நிறம் வழிந்து வரும். பாடுகிறவருக்கு இரண்டாவதுதான் வசதி, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பார்த்ததுமே தெரியும். ஸ்டைலில் முதல் நிறம் பாடி முடித்த பகுதிக்கு, இரண்டாம் நிறம் இன்னும் பாடாத பகுதிக்கு. முதல் தடவை செய்கிறவர்கள் பலர் இதை மாற்றிப் போட்டுவிடுவார்கள். கடைசியில் வரிகளைப் படத்தோடு சேர்க்கும்போது எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மென்பொருளில் ஏஎஸ்எஸ் வடிகட்டி (வரிகளைப் படத்தில் பதிப்பது) போட்டு, எழுத்து வடிவமைப்பு காம்ப்ளெக்ஸ் என்று கொடுங்கள். சிம்பிள் என்று இருந்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும்.

மலைக்கோட்டை_மகள்:

தம்பி, அசை பிரித்ததில் வட்டம் போயே போய்விட்டது! ரொம்ப நன்றி. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் நேர் நிரை பார்ப்பது இப்போதுதான்.

இரண்டு விஷயம் பாக்கி. ஒரு பாட்டு 4 நிமிடம் 50 நொடி. முதல் வரி மிகச் சரியாக வருகிறது, கடைசி வரி கிட்டத்தட்ட மூன்று நொடி தாமதம். மொத்த வரிகளையும் மூன்று நொடி முன்னால் தள்ளினால் ஆரம்பம் கெட்டுவிடுகிறது. இன்னொன்று, ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் இடது வலது இரண்டில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கிக் கூட்டிக் குரலை எடுத்தேன், புதுப் பாட்டுகளில் குரலோடு பேஸும் தபலாவும் சேர்ந்து போய்விட்டன. அப்பாவுக்கு உயிரான ஒரு பழைய பாட்டில் எதுவுமே மிச்சமில்லை, வெறும் நிசப்தம்.

கிள்ளான்_வாசி:

அம்மா, அந்த நிசப்தத்துக்குக் காரணம் பாட்டு மோனோ. இடது வலது இரண்டிலும் அச்சு அசலாக ஒரே ஒலி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம்தான் வரும். ஸ்டீரியோ பாட்டிலும் பாடகர் குரலை நடுவில் வைத்திருப்பார்கள், பேஸையும் தாளத்தையும் பல நேரம் அங்கேயே வைத்திருப்பார்கள், அதனால்தான் எல்லாம் சேர்ந்து போகிறது. அந்தக் கழித்தல் முறையை விடுங்கள். 2019இல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது, டெமக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. இவை குரலின் தன்மையைக் கற்றுக்கொண்டு பிரிப்பவை, மோனோவிலும் வேலை செய்யும். சாதாரணக் கம்ப்யூட்டரில் டெமக்ஸ் ஒரு பாட்டுக்குச் சில நிமிடம் எடுக்கும், பொறுமையாக விடுங்கள். கோரஸும் ஹம்மிங்கும் மனிதக் குரல்தான் என்பதால் அவையும் இசையை விட்டுப் போய்விடும். அந்த இடங்களை மட்டும் குரல் கோப்பிலிருந்து வெட்டி இசையில் திரும்ப ஒட்டுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். எங்கள் மலேசியப் பக்கம் விசிடி கரோக்கியில் ஒரு பக்கம் இசை மட்டும், மறுபக்கம் பாடகர் குரலோடு இருக்கும். பழகும்போது குரலோடு பாடுவோம், மேடை என்றால் பட்டனைத் தட்டி இசைக்கு மாற்றிவிடுவோம். டிவிடியில் இதற்குச் சேனலைப் பிரிக்கவே வேண்டாம், ஒரு படத்துக்கு எட்டு ஒலித்தடம் வரை வைக்கலாம். முதல் தடம் இசை, இரண்டாம் தடம் குரலைத் தணித்துக் கலந்தது. ரிமோட்டில் ஆடியோ பட்டன் போதும். விழா வரைக்கும் அப்பா தினமும் இரண்டாம் தடத்தில் பாடிப் பழகட்டும்.

சவுண்ட்_சர்வீஸ்_அண்ணன்:

தாமதத்தைப் பார்ப்போம். முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு தாமதம் என்றால் தள்ளினால் சரியாகும். போகப் போகக் கூடினால் வேகம்தான் பிரச்சினை. 290 நொடிக்கு மூன்று நொடி என்றால் சுமார் ஒரு சதவீதம். எந்த ஒலியைக் கேட்டு நேரம் குறித்தீர்கள், எந்த ஒலியைச் சேர்த்தீர்கள்? இரண்டும் ஒன்றுதானா?

மலைக்கோட்டை_மகள்:

இல்லை அண்ணா! நேரம் குறித்தது அப்பாவின் கேசட்டிலிருந்து நான் கம்ப்யூட்டரில் ஏற்றியது, அவர் அதைக் கேட்டுத்தான் பாடுவார். இசை எடுத்தது சிடியிலிருந்து.

சவுண்ட்_சர்வீஸ்_அண்ணன்:

அதுதான். கேசட் டெக்கில் ஒரு சதவீத வேக வித்தியாசம் சர்வசாதாரணம், பெல்ட் பழசானால் அதற்கு மேலும் போகும். உங்கள் டெக் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் வரிகள் நீண்டுவிட்டன. சிடியிலிருந்து எடுத்த பாட்டை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, அதையே கேட்டு நேரம் குறியுங்கள், அதிலிருந்தே குரலைப் பிரியுங்கள். எம்பி3 வேண்டாம், அதிலும் பிட்ரேட் மாறி மாறி வருகிற கோப்பு என்றால் நேரம் குறிக்கும்போது இடம் நழுவலாம். முதலிலிருந்து குறிக்க வேண்டியிருக்கும், வருத்தம்தான், ஆனால் இரண்டாம் தடவை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

எரிக்கும்போது 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். 12 பாட்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும், 4.7 ஜிபி டிஸ்க்கில் நல்ல தரத்திலேயே தாராளமாக அடங்கும். வரிகளை டிவிடியின் சப்டைட்டிலாக வைக்காதீர்கள், அதில் ஒரு நேரத்தில் நாலு நிறம்தான், நிறம் வழிந்து வருகிற மாதிரி செய்வது சுலபமில்லை. படத்திலேயே பதித்துவிடுங்கள். டிவி ஓரத்தை வெட்டும், அதனால் நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். தடித்த எழுத்து, அடர்நீலப் பின்னணி, வெள்ளையிலிருந்து மஞ்சள். மெல்லிய எழுத்தாக இருந்தால் பழைய டிவியில் கிடைக்கோடுகள் துடிக்கும். டிவிடிஸ்டைலர் என்கிற மென்பொருளில் மெனு போட்டுக்கொள்ளலாம், இலவசம். எரிக்கும் வேகம் 4 போதும், கடைசியில் டிஸ்க்கை முடித்து மூட மறக்காதீர்கள், மூடாத டிஸ்க்கைப் பழைய பிளேயர் கண்டுகொள்ளாது.

மலைக்கோட்டை_மகள்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஆறு பாட்டு முடித்து முதல் டிஸ்க் எரித்தாயிற்று, பிளேயரில் ஓடுகிறது, வரி கடைசி வரை ஒட்டி வருகிறது. விழாவில் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன், கிள்ளான் ஐயா சொன்னதைப் படித்த பிறகு மனசை மாற்றிக்கொண்டு அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன்.

மைக்கை வாங்கி முதல் வரியைச் சரியாகப் பாடினார், இரண்டாவது வரியில் தடுமாறினார். ரிமோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "வரி வந்த பிறகுதான் எனக்குக் கண்ணில் படுகிறது, அதற்குள் தாளம் போய்விடுகிறது, அடுத்த வரியை முன்னாலேயே காட்டு" என்றார். பாடுகிற நேரத்திலேயே வரியும் தோன்றுகிற மாதிரி வைத்திருந்தேன், நான் கேட்டுக்கொண்டே செய்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. இப்போது இரண்டு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது, மேல் வரி பாடும்போதே கீழ் வரி வெள்ளையில் காத்திருக்கிறது. இடையிசை முடிகிற இடத்தில் மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றாக அணைகிற மாதிரி செய்தேன், சரணத்தை எங்கே எடுக்க வேண்டும் என்று அவருக்கு அது சொல்லிவிடுகிறது.

நேற்று ராத்திரி அந்த மோனோ பாட்டை இரண்டாம் தடத்தில் நாலு தடவை பாடினார். ஐந்தாவது தடவை அவரே ஆடியோ பட்டனை அமுக்கிக் குரலை எடுத்துவிட்டார். மீதி ஆறு பாட்டுக்கு இன்று அசை பிரிக்க உட்கார்கிறேன், ஏதாவது சிக்கினால் இங்கேயே கேட்கிறேன்.