தன்னுருவப் படத்தில் துக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது

கரித்துண்டு:
காரைக்குடிப் பக்கத்து வீடு. வளவில் (வானம் பார்த்த நடுமுற்றத்தில்) பெல்ஜியம் கண்ணாடியை வைத்து, 16-க்கு 20 அங்குலத் தாளில் கரியால் என் முகத்தை வரைகிறேன். ஒரு சாவின் துக்கம் தெரிய வேண்டும். வருவதோ முறைக்கிற முகம். மதியத்தில் கண்குழி வேறு கறுத்துவிடுகிறது. எங்கே தப்பு?

தேக்குத்தூண்:
அது கோபமில்லை, கண்ணாடியை உற்றுப் பார்க்கிற சிரமம். புருவத்தையும் வாயையும் கடைசிக்கு வையுங்கள்; அவற்றை ஒரு நொடி பார்த்துவிட்டு, தாளைப் பார்த்தே வரையுங்கள்.

உச்சி வெயில் நேரே இறங்கினால் கண்குழி கறுக்கத்தான் செய்யும். காலை 9 மணிக்குள் தெற்குத் தாழ்வாரத்தில் கிழக்குப் பார்த்து உட்காருங்கள். வானத்து வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும், வலக்கை நிழலும் தாளில் விழாது. வலப்பக்கம் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகிய அந்தச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பியடித்து நிழலைக் கெடுக்கும்.

தாள் முழுக்கக் கரி பூசித் துணியால் தேய்த்துவிட்டு, பிசைகிற ரப்பரால் வெளிச்சத்தை மட்டும் எடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் கரி அப்பிக்கொள்ளும். நிழல் பக்கத்துக் கன்னத்தின் ஓரத்தைப் பின்னணியோடு கரைத்துவிடுங்கள். துக்கத்தில் பாதி அந்தத் தொலைந்த கோட்டில்தான் இருக்கிறது.

ஆத்தங்குடிக்கல்:
மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ தன்னையே வரைந்த ‘உடைந்த தூண்’ (1944) பாருங்கள். அவர் சிக்கிய 1925 பேருந்து விபத்தின் வலி அது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், உடம்பெங்கும் ஆணி, இரும்புக் கச்சை. கண்ணீர் வழிகிறது, முகமோ கோணவே இல்லை. முகமும் சேர்ந்து அழுதிருந்தால் சினிமா போஸ்டர்தான். உங்களுக்கும் ஒரு பொருள் போதும். காலி ஊஞ்சலைப் பின்னால் வையுங்கள்.

கரித்துண்டு:
நன்றி அண்ணே. ஊஞ்சல் கண்ணாடியில் இடம் மாறித் தெரிகிறதே, திருப்பிப் போடவா?

ஆத்தங்குடிக்கல்:
வேண்டாம். வான்கோ 1888 டிசம்பரில் அறுத்தது இடக்காது. அடுத்த மாதம் வரைந்த தன்னுருவப் படங்களில் கட்டு வலக்காதில் இருப்பதுபோல் தெரியும். கண்ணாடி காட்டியபடியே விட்டுவிட்டார்.

ஈரச்சுவர்:
ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் இல்லாததும் தெரியும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் நெற்றியில் கைவைத்திருக்கும் தன்னுருவச் செதுக்கோவியம் (உலோகத் தகட்டிலிருந்து எடுத்த அச்சுப்படம்) 1910-இல் ஆனது. மகன் பீட்டர் போரில் இறந்தது 1914 அக்டோபரில். அதைப் புத்திர சோகம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று: ஒரு அமர்வுக்கு 40 நிமிடம் போதும். நெஞ்சு படபடத்தால் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு ஊஞ்சலை மட்டும் வரையுங்கள்.